‘ரிங்கு’: கேசட்டுக்குள் புகுந்த ஆவி

1998-ல் ஜப்பானில் வெளியான திகில் படம் ‘ரிங்கு’. கோஜி சுசுகி 1991-ல் எழுதிய நாவலைத் தழுவி ஹிதேயோ நகாதா இயக்கியது. ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழே நாளில் இறந்துவிடுவார். அதைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் தப்பலாம். கேசட்டில் குடியிருப்பது சதாகோ என்ற பெண்ணின் ஆவி.

பேய் கற்பனைதான். ஆனால் கதைக்கு நிஜமான ஒரு வேர் உண்டு. மூடிய உறைக்குள் இருக்கும் எழுத்தைப் படிப்பார் என்று பேசப்பட்டவர் சிசுகோ மிஃபுனே. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக உளவியலாளர் தொமோகிச்சி ஃபுகுராய் 1910-ல் அவரை அறிஞர்கள் முன்னிலையில் சோதித்தார். சோதனைப் பொருள் மாறியிருந்ததாகச் சந்தேகம் எழுந்தது. பத்திரிகைகளும் அவரைச் சந்தேகித்து எழுதின. 1911 ஜனவரியில் அவர் விஷம் குடித்து இறந்தார். அப்போது வயது 24.

படத்தில் சதாகோவின் தாய் ஷிசுகோவும் நிருபர்கள் கூடிய சபையில் இப்படித்தான் அவமானப்படுகிறாள். பின்னர் தற்கொலை செய்துகொள்கிறாள். மகள் கிணற்றில் தள்ளப்படுகிறாள். அந்த வன்மம்தான் கேசட்டில் பதிந்திருக்கிறது.

விஎச்எஸ் ரெக்கார்டர் தயாரிப்பு 2016-ல் நின்றுபோனது. ஒருவர் அவமானப்படும் காட்சியைப் பிரதி எடுத்து அடுத்தவருக்கு அனுப்பும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.