ஆமூர் மல்லன் எப்படி விழுந்தான்?

சேலத்தில் ஒரு பயிற்சிக் கூடம். பிரேசில் ஜியு-ஜிட்சு கற்கிற பையன் ஒருவன், தன்னைவிட ஒரு மடங்கு பெரிய ஆளின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு தானாகவே பொத்தென்று உட்கார்ந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க சிரிக்கறீங்க? கீழ உழுந்தா தோத்துட்டோம்னு இங்க இல்லைங்க" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு வரலாறு இருக்கிறது. நம் குஸ்தியில் இரண்டு தோளும் மண்ணைத் தொட்டால் ஆட்டம் தீர்ந்தது. ஜூடோவிலும் முதுகுபட ஒழுங்காக வீசிவிட்டால் முடிந்தது. ஆகவே நின்று பொருதுவதே அங்கே போர். ஜியு-ஜிட்சுவிலோ, நிற்கிறவனைக் கீழே தள்ளினால் 2 புள்ளி. மேலேறி அமர்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. தள்ளிய பிறகுதான் சண்டையே ஆரம்பிக்கிறது. எது மானம், எது அவமானம் என்பதை உடம்பு தானாகக் கண்டுபிடிப்பதில்லை, விதி அதற்குக் கற்றுத்தருகிறது. 1914இல் பிரேசிலில் வந்திறங்கிய ஜப்பானியர் மயேதாவிடமிருந்து கிரேசி குடும்பத்துக்குப் போய் உருமாறிய கலை இது. காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் இதற்கெல்லாம் மூலம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. 2011இல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு அந்தச் சத்தம் கூடிவிட்டது. சான்று கிடையாது, சும்மா பெருமைதான். கையில் இருக்கிற பிரதியை அந்தப் பெருமைக்காரர்கள் புரட்டுவதில்லை.

புறநானூறு 80. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு மோதியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மார்பில் மடிந்து அழுத்துகிறது, மற்றது எதிராளியின் உபாயத்தைத் தடுத்து முதுகுப்பக்கம் வளைகிறது. மூங்கிலை முறிக்கும் பசித்த யானைபோலத் தலையும் காலும் ஒடிய மோதுகிறான். இதை அப்பா தித்தன் பார்க்கட்டுமே என்கிறார் புலவர். பாட்டை விளக்கிப் பையனிடம் செய்துகாட்டச் சொன்னேன். இரண்டு தடவை முயன்றுவிட்டு, "நின்னுக்கிட்டு ஆவாதுங்க" என்றான். என் வாசிப்பும் அதுவே: இது தரையில் நடந்த போர். ஆனால் பாட்டின் கீழே தொகுத்தோர் சேர்த்த குறிப்பு, சோழன் பொருது வென்று 'நின்றான்' என்கிறது. தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களிலும் செத்து விழுந்தவன் பெரும்பாலும் ஆயுதத்தோடு நின்றுகொண்டுதான் இருக்கிறான். கிடக்கிற உடம்பைப் பார்க்க நமக்கு என்னவோ கூச்சம்.

தோற்றவனுக்கு அந்தக் குறிப்பில் ஊர் உண்டு, பேர் கிடையாது. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசி ஜப்பானியர் கிமுராவிடம் கையை முறுக்கக் கொடுத்துத் தோற்றார். அந்தப் பிடி இன்றைக்கும் கிமுராவின் பெயரால் வழங்குகிறது. ஹீலியோவின் பெயரும் அழியவில்லை, அவர் பிள்ளை ராய்ஸ் 1993இல் அமெரிக்காவில் ஜெயித்து அதை உலகத்துக்கே சொன்னார். ஆமூர்க்காரனுக்கு அப்படிப் பிள்ளை இருந்தானா?

பேரற்றவன் இன்னொருவனும் இதே புலவரிடம் வருகிறான், 82ஆம் பாட்டில். ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை. மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையில் ஊசி பறக்கிறது. சோழனின் சண்டை அதைவிட வேகம் என்கிறார். அரசனின் வேகத்தை அளக்க அந்த உழைப்பாளியின் கை வேண்டும். ஆனால் அவனைக் குறிக்கக் கிடைத்த சொல் 'இழிசினன்'. வீரத்துக்கு உவமையாகிற கைக்கு அந்தப் பேர்! உவமை நயம் என்று வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்த யாரும் இந்தச் சொல்லில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எம்.ஏ. முடிக்கும்வரை நானும் நிற்கவில்லை. அந்தக் கட்டில் பின்னி முடிந்ததா, பிள்ளை பிறந்ததா என்பது பாட்டில் இல்லை.