நாளைப்போவார் நடந்த வழி: கடலூர் – சிதம்பரம் பயண வரலாறு

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இன்று பேருந்தில் ஏறினால் காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே போய்த் திரும்பிவிடலாம். மாட்டுவண்டிக் காலத்தில் இதே வழிக்கு ஒன்றரை நாளோ இரண்டு நாளோ ஆனது. மழைக்காலத்தில் அந்தக் கணக்கும் நிற்காது. தொலைவைவிட ஆறுகளே அங்கு பெருந்தடை. தென்பெண்ணையும் கெடிலமும் கடலூரை ஒட்டிக் கடலில் சேர்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் சேர்கிறது. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் அகன்று கிடக்கிறது. வடக்கிலிருந்து தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, வருபவருக்கு வெள்ளாறு கடைசித் தடை; சோழநாட்டிலிருந்து வருபவருக்குக் கொள்ளிடம்.

பயண நாளை இந்த ஆறுகளே முடிவு செய்தன. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்படும் வரை, காவிரியில் பெருகிய வெள்ளம் ஆடி, ஆவணி மாதங்களில் கட்டுப்பாடின்றிக் கொள்ளிடத்தில் பாய்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் கடலூர்க் கரையைத் தாக்கும். சிதம்பரத்தின் இரு பெருவிழாக்களில் ஆனித் திருமஞ்சனம் கொள்ளிடம் பெருகும் முன்பு வருகிறது. மார்கழித் திருவாதிரை அடைமழை ஓயும் தறுவாயில் வருகிறது. வெள்ளம் முந்தினாலும் மழை பிந்தினாலும் யாத்திரிகர்கள் துறையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இப்பகுதியின் பழைய பயணக் கதைகள் பக்தி மரபிலிருந்து தொடங்குகின்றன. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர் பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்தவர். அவரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்றும், அந்தக் கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரைசேர்த்தது என்றும் பெரியபுராணம் சொல்கிறது. இன்றைய கடலூர் நகரின் ஒரு பகுதியே திருப்பாதிரிப்புலியூர். அப்பர் என்றும் அழைக்கப்படும் அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பிறகு அவர் ஊர் ஊராக நடந்து தலங்களைப் பாடினார். தேவார மூவர் பாடிய தலங்களே பின்வந்த தலைமுறைகளுக்குப் பயண வரைபடமாயின. அறியாத ஊருக்குப் புறப்படும் ஒருவருக்கு அந்த ஊரின் பெயரும் பதிகமும் முன்பே தெரிந்திருந்தன.

அதே பெரியபுராணத்தில் மற்றொரு பயணியும் இருக்கிறார். கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரைச் சேர்ந்த நந்தனார், தில்லைக்கு நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கழித்ததால் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றார். ஆறு பெருகியதோ வழி நெடியதோ அவருடைய தயக்கத்துக்குக் காரணமன்று. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதால், தில்லையை அடைந்தாலும் உள்ளே நுழைய முடியுமா என்பதே அவருடைய கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், பயணத்துக்கு விடைதர மறுக்கும் நிலக்கிழாராக ஒரு வேதியர் வருகிறார். பெரியபுராணத்தில் அந்தப் பாத்திரம் இல்லை. பண்ணையாளுக்கு ஊர்விட்டு ஊர் போகவே அனுமதி வேண்டியிருந்த தம் காலத்து நிலையைப் பாரதியார் கதைக்குள் கொண்டுவந்தார்.

சோழர் காலத்தில் வழியும் தங்குமிடமும் அரசின் அக்கறைக்கு உரியவையாயின. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட வீரநாராயணப் பேரேரி, அதாவது இன்றைய வீராணம், சிதம்பரத்துக்கு மேற்கே நெடுந்தொலைவுக்கு நீண்டு கிடக்கிறது. அதன் கரையே நடைவழியாகவும் பயன்பட்டது. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் நரலோகவீரன் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் செய்த திருப்பணிகளைக் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. மாசி மகத்தன்று இறைவன் கடலாடுவதற்காகத் தில்லையிலிருந்து கடற்கரைக்குப் பாதை அமைத்ததும் அவற்றுள் ஒன்று. இறைவனுக்குப் போட்ட பாதையில் மக்களும் நடந்தார்கள்.

கடல்வழியும் இதே அளவு பழமையானது. வெள்ளாற்று முகத்திலுள்ள பரங்கிப்பேட்டைக்குப் போர்த்துகீசியரும், அவர்களுக்குப் பின் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் வந்தார்கள். அவ்வூர் மரக்காயர்கள் வங்கக் கடலைக் கடந்து கீழைத் துறைமுகங்களோடு வணிகம் செய்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தோணியேறி வேதாரணியத்திலோ நாகப்பட்டினத்திலோ இறங்கி, அங்கிருந்து நடந்து சிதம்பரம் வருவது ஈழத்துச் சைவர்களின் நெடுநாள் வழக்கம். பதினேழாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர், போர்த்துகீசியரின் உணவுக்குப் பசு கொடுக்க மறுத்து யாழ்ப்பாணத்தை விட்டு இரவோடு இரவாக வெளியேறினார் என்பது மரபு. வடமொழி கற்க அவர் வங்கம் வரை சென்றார். முடிவில் சிதம்பரத்துக்கு வந்து ஒரு திருக்குளம் தோண்டுவித்தார். அந்தக் குளம் ஞானப்பிரகாசர் குளம் என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. அதே வழியில் வந்த நல்லூர் ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அஞ்சி ஓடிவந்தவரும் ஆர்வத்தால் வந்தவரும் வந்த ஊருக்கு ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

வழிகள் மிகவும் அஞ்சத்தக்கவையாக இருந்த காலம் பதினெட்டாம் நூற்றாண்டு. கடலூருக்கு வடக்கேயுள்ள தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கியது. அந்த ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, இளம் எழுத்தரான ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி இந்தக் கோட்டைக்குத்தான் வந்து சேர்ந்தார். 1758இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் மைசூரின் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. 1783இல் கடலூரே முற்றுகைக்கு உள்ளானது. படைகள் நடந்த அதே சாலையில்தான் வணிகரும் யாத்திரிகரும் நடந்தார்கள். ஆகவே தனியே எவரும் புறப்படவில்லை; கூட்டமாகச் சேர்ந்து, பகல் வெளிச்சத்தில் நடந்து, இருட்டும் முன் ஓர் ஊரில் ஒதுங்கினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் போர் ஓய்ந்ததும் குடும்பப் பயணம் பெருகியது. புறப்பாட்டின் முறைகள் முதியோர் நினைவில் இன்றும் உள்ளன. முதலில் நாள் பார்ப்பார்கள். வியாழக்கிழமை தெற்கே சூலம் என்பதால் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அன்று கிளம்ப மாட்டார்கள்; கிளம்பியே ஆகவேண்டுமென்றால் தைலம் பரிகாரம். ராகுகாலம் கழிய வேண்டும், எதிரே நல்ல சகுனம் வர வேண்டும். இரண்டு நாள் கெடாத புளியோதரை கட்டுச்சோறாக வண்டியேறும். பிள்ளைகளுக்கு அது திருவிழா. பெரியவர்களுக்கோ ஆற்று வெள்ளம், வழிப்பறி, விழாக் கூட்டத்தில் பரவும் வாந்திபேதி ஆகிய கவலைகள். மகிழ்ச்சியும் அச்சமும் ஒரே வண்டியில் ஏறின.

இந்த அச்சங்களுக்கு ஊர்கள் செய்து வைத்த ஏற்பாடுகளே இப்பகுதிப் பயண வரலாற்றின் சிறப்பு. நிழலுக்குச் சாலையோரப் புளியமரம், தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கிக் கல், தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல், இரவுக்குச் சத்திரம் என ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் அறமாக எழுந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே புதுச்சத்திரம், கொள்ளிடக் கரையில் ஆணைக்காரன் சத்திரம் என ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று. சிதம்பரத்தை அடைந்தவர் தம் குடும்பத்துக்கென வழிவழியாக உள்ள தீட்சிதர் வீட்டைத் தேடிச் செல்வார். வழிபாட்டுக்கும் தங்கலுக்கும் அவர் துணை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை பாசனத்துக்காக எழுந்தது. அதன்மேல் அமைந்த பாலம் கும்பகோணம் பக்கத்து மக்களுக்கு ஓடத்தை நம்பாத வழியைத் தந்தது.

பசிக்கு வந்த விடை வடலூரில் பிறந்தது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த இராமலிங்க வள்ளலார் மீண்டும் இப்பகுதிக்கே திரும்பி, 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பல சத்திரங்களில் சாதி கேட்டே இலை போட்ட காலம் அது. வடலூரில் பசி ஒன்றே தகுதி. அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது.

அடுத்த பத்தாண்டில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை வந்தது. 1876–78இன் கொடும்பஞ்சம் நாட்டை வாட்டிய அதே ஆண்டுகளில் தண்டவாளம் கடலூரையும் பரங்கிப்பேட்டையையும் கடந்து தெற்கே நீண்டது. கொள்ளிடத்தின் மேல் ரயில் பாலம் எழுந்ததும் சென்னைக்கும் தஞ்சைக்கும் நடுவே ஆறுகள் தடையாக இல்லாமல் போயின. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் ‘போட் மெயில்’ ஏறியவர் சிதம்பரம் வழியாகத் தனுஷ்கோடி சென்று, கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கலாம். தோணிக்கும் காற்றுக்கும் காத்திருந்த ஈழத்து யாத்திரிகருக்கு ஒரே பயணச்சீட்டு போதுமென்றானது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானதும் கோயிலைத் தேடி வந்தவர்களோடு கல்வியைத் தேடி வருபவர்களும் சேர்ந்தார்கள். இலங்கைக் காரைதீவைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

நந்தனாரின் கேள்விக்கு ரயிலால் விடை தர முடியவில்லை. சிதம்பரம் வரை எவரும் வரலாம். கோயிலுக்குள் எல்லோரும் போக முடியாது என்ற நிலை தொடர்ந்தது. ஆரணிப் பக்கத்தில் பிறந்து, கோலார் தங்கவயலில் வளர்ந்து, துறவியாகச் சிதம்பரம் வந்த சுவாமி சகஜானந்தர், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1916இல் நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். 1947இல் சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. ஆதனூருக்கும் தில்லைக்கும் இடைப்பட்ட சிறு தொலைவே, இப்பகுதியில் கடக்க மிக நீண்ட காலம் எடுத்த வழி.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததும் கடல் தாண்டிய ரயில்–கப்பல் தொடர்பு அறுந்தது. விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர் பாதை 2010இல் அகலப் பாதையானது. ஆற்றை அணையும் பாலமும் வென்றன. பசியைச் சத்திரமும் தருமச்சாலையும் போக்கின. வாசலைப் பள்ளியும் சட்டமும் திறந்தன. புதிய இடத்துக்குப் புறப்படுபவரின் அச்சம் தானாகத் தணிந்துவிடவில்லை. முன்பின் அறியாத பயணிக்காக யாரோ சிலர் உழைத்ததால் தணிந்தது. கடலூர் – சிதம்பரம் சாலையின் இந்த வரலாறு உறுதிப்படுத்துவது அதையே.