பல்கலைக்கழக முதலாண்டும் யாழ்ப்பாணத்து மாணவரும் – ஒரு வரலாற்று நோக்கு

உயர்கல்வி நிலையமொன்றிற் புதிதாகப் புகும் மாணவன் எதிர்ப்படும் முதற் பரீட்சை வினாத்தாளில் அமைவதன்று. அஃது அவன் உண்ணும் உணவிலும், உறங்கும் அறையிலும், செவியில் விழும் மொழியிலும் அமைவது. அப்பரீட்சையில் தேறுதலும் தவறுதலும் முற்றிலும் அவன் பொறுப்பே எனப் பலர் கருதுவர். யாழ்ப்பாணத்து மாணவரின் கல்வி வரலாற்றை நோக்குவார்க்கு அக்கருத்து முழுமையாகப் பொருந்தாமை புலனாகும். வந்தவன் ஓரடி நடக்க, ஏற்றுக்கொண்ட நிலையமும் ஓரடி எதிரே நடந்தபோதே இணக்கம் நிலைபெற்றது. இதனை மூன்று காலப்பகுதிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராயும்.

முதலாவது, வட்டுக்கோட்டைச் செமினரிக் காலமாகும். அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டிலே தானியேல் பூவரைத் தலைவராகக் கொண்டு இதனை நிறுவினர். பல்கலைக்கழகம் என்னும் பெயர் இதற்கில்லை. ஆயினும் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாத்திரம் முதலியன இங்கு உயர்நிலையிற் கற்பிக்கப்பட்டன. மிசனரிமாரின் விடுதிகளிலே தொடக்கத்திற் சேர்ந்த சைவச் சிறுவர் கிறித்தவர் வளவினுள் உணவுண்ண மறுத்தனர். சமயவாசாரமும் சாதியாசாரமும் அம்மறுப்பிற்குக் காரணங்களாயின. அதனால் அயலிலே சைவரொருவரின் காணியில் அவர்களுக்கெனச் சமையற்கொட்டில் அமைக்கப்பட்டது. காலப்போக்கில் மாணவரின் மறுப்புத் தளர்ந்தது. மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்ட நிலையமும், மாணவனை நிறுத்திக்கொள்ளும்பொருட்டுத் தன் வேலிக்கு வெளியே அடுப்பு மூட்ட இசைந்தமை கருதத்தக்கது.

எனினும் மாணவர் கொடுத்த விலையும் சிறிதன்று. அவர்களுட் பலர்க்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயரே அதற்குச் சான்றாகும். அவரும் அவர்தம் மாணாக்கராகிய தாமோதரம்பிள்ளையும் 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இருவரும் பின்னர்ச் சைவத்திற்கு மீண்டனர். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த அப்பெருமகனை, தந்தையார் வைரவநாதரின் பெயரெழுத்தைத் தாங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையாகவே தமிழுலகம் அறியும். புதிய கல்வியைத் தமதாக்கிக்கொள்ளும்பொருட்டுத் தம்மை இழத்தல் வேண்டா என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இரண்டாவது, பேராதனைக் காலம். கொழும்பிலே 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் ஒரு பகுதி 1952இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. ஆறில்லாத நாட்டிலே கிணற்றுநீரை நம்பி வளர்ந்த மாணவர், மகாவலி கங்கைக் கரையின் குளிரிலும் மழையிலும் விடுதி வாழ்க்கை பயிலலாயினர். முன்னையோர் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டனர். 1960இற் கலைப்பீடத்திலே தாய்மொழிவழி மாணவர் புகுந்தனர். அவர்க்கு விரிவுரை தமிழிலே நிகழ்ந்தது. நூலகத்து நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. முதலாண்டிலே அகராதியைத் துணைக்கொண்டு ஒரு பக்கத்தைக் கடக்க ஓரிரவு செலவிட்டோர் பலராவர்.

ஆயினும் அங்கும் நிலையம் எதிரே நடந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்து, 1962இற் கர்ணன் போர் என்னும் கூத்தை மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார். தன் ஊரின் மத்தளவோசை கல்விமான்கள் அவையிற் கேட்கத் தகுந்ததெனக் கண்ட மாணவன், தன் ஊரைப்பற்றி நாணுதலை விட்டான். இந்து மாணவர் முயற்சியால் எழுந்த குறிஞ்சிக் குமரன் கோயிலும் அம்மலைச்சாரலை அவர்க்கு அந்நியமல்லாததாக்கியது.

மூன்றாவது காலத்தில் நம் நிலை மாறுகின்றது. 1974ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே திருநெல்வேலியிற் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இதுகாறும் விருந்தினராய்ச் சென்ற நாம் இப்போது விருந்தோம்புவாரானோம். தொடக்க ஆண்டுகளிலே இங்கு கற்ற சிங்கள மாணவர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டி நீங்கினர். போர் முடிந்த 2009இன் பின்னர் அவர்கள் வருகை மீண்டும் பெருகிற்று. 2016 யூலையில், விஞ்ஞானபீடப் புதுமுக மாணவர் வரவேற்பிலே கண்டி நடனம் இடம்பெறுதல் பற்றி எழுந்த பிணக்கு மோதலாக முடிந்தது. வரவேற்பின்போதே அது நிகழ்ந்தமை நாம் சிந்தித்தற்குரியது. அயலிற் சமையற்கொட்டில் அமைத்தாரின் பொறுமை நம்மிடம் உண்டா என்னும் வினாவை அந்நிகழ்ச்சி நம்முன் வைக்கின்றது.

இனவேற்றுமை இல்லாவிடத்தும் முதலாண்டு மாணவனுக்கு அச்சம் உண்டு. அது பகிடிவதை. 1997இற் பேராதனையில் மாணவரொருவர் இக்கொடுமையால் உயிரிழந்தார். மறுவருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. சட்டம் வந்தும் வழக்கம் ஒழிந்திலது. அறிமுகம், ஒற்றுமை, சமத்துவம் என அதற்குப் பல பெயர் சூட்டுவர். முற்காட்டிய வரலாற்றிலே எந்த இணக்கமும் இழிவுபடுத்தலால் விளைந்ததன்று.

யான் வெளிவாரிப் பட்டதாரி. பாடசாலைக் கடமை முடித்து இரவிற் கற்றுத் தேறியவனாதலின், விடுதியறையின் முதலிரவை அறியேன். ஆயின் யான் கற்பித்த மாணவனொருவன் முதலாண்டு முடியுமுன்னே பெட்டியும் கையுமாய் வீடு மீண்டதை அறிவேன். எப்பல்கலைக்கழகம் என்பது இங்கு வேண்டா. கணிதத்தில் அவனை வென்றார் எம் வகுப்பிலே இல்லை. அவன் தாயார் என்னிடம், “மாஸ்ரர், பிள்ளை படிப்பிலே பிழைவிட்டவனோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதன்மேற் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இக்கல்லூரியினின்றும் இவ்வாண்டு பல்கலைக்கழகம் புகும் மாணவர், அடுத்த ஆண்டிலே மூத்த மாணவராவர். புதிதாய் வருவானொருவன் பெட்டியோடு வாயிலில் நிற்கக் காணும் அந்நாளில், அவனை நோக்கி முதலடி எடுத்து வைத்தல் அவர்தம் கடனாகும்.