ஒரே வழங்குநர், வெவ்வேறு முறிகள்: சேமலாப நிதியும் தரவுத் திருத்தமும்

புசல்லாவைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிகிறது. தொழில்வழங்குநர் 12 வீதம் சேர்க்கிறார். வடக்கு கிழக்கில் தனியார் துறையில் உழைத்த பலரின் சேமிப்பும் இதே நிதியத்தில்தான் இருக்கிறது. மத்திய வங்கி இந்தப் பணத்தின் பெரும்பகுதியைத் திறைசேரி முறிகளில் முதலிட்டுள்ளது. அதாவது, அந்தப் பெண்ணும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்.

இத்தகைய முதலீடுகளைக் கணக்கிடும் நிதித் தரவு மென்பொருள்களில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, கடன் வாங்கியவர், அதாவது வழங்குநர். மற்றையது, அவர் வெளியிட்ட ஒவ்வொரு முறியும். ஒவ்வொரு முறியையும் 12 எழுத்து, இலக்கங்கள் கொண்ட ஐ.எஸ்.ஐ.என். குறியீடு அடையாளப்படுத்தும். நாடு, துறை, கடன் தரம் போன்ற விபரங்களை வழங்குநரின் பதிவிலிருந்து முறிகள் தாமாகவே பெற்றுக்கொள்ளும்படி அமைப்பது வழக்கம். ஒரு முறிக்கு அந்த விபரம் பொருந்தாவிட்டால், அதற்கு மட்டும் வேறு பெறுமதியைப் பதியலாம். இதுவே மேலெழுதுதல்.

இதன் அவசியத்தை இலங்கையின் கடன் நெருக்கடி காட்டியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை அரசாங்கம் இடைநிறுத்தியது. ஏப்ரல் 25 அன்று ஸ்டாண்டர்ட் அன்ட் புவர்ஸ் நிறுவனம் நாட்டின் வெளிநாட்டு நாணயக் கடன் தரத்தை 'தெரிவுசெய்த தவறுகை' நிலைக்கு இறக்கியது. ரூபாக் கடனுக்கு அப்போது அந்த நிலை வரவில்லை. வழங்குநர் ஒருவரே, ஆனால் டொலர் முறியும் ரூபா முறியும் ஒன்றல்ல.

2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது ரூபா முறிகளுக்குள்ளேயே வேறுபாடு தோன்றியது. வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. சேமலாப நிதியம் தன்னிடமிருந்த முறிகளில் ஒரு பகுதியைக் கொடுத்து, 2027 முதல் 2038 வரை முதிர்வடையும் புதிய முறிகளைப் பெற்றது. அவற்றுக்கு முதலில் 12 வீத வட்டி, பின்னர் 9 வீதம். வழங்குநரின் பெயரை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது.

மறுபக்க உதாரணமும் உண்டு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் வெளியிட்ட 17.5 கோடி டொலர் முறிக்கு வழங்குநர் விமான நிறுவனம். உத்தரவாதம் அளித்தது அரசாங்கம். அதன் ஆபத்தை அரசாங்கத்துடன் சேர்த்துக் கணிப்பதானால் அதையும் தனியே பதிய வேண்டும்.

ஆனால் மேலெழுதியதை மறந்துவிட்டால் அதுவே பிழையாகிவிடும். 2024 டிசம்பரில் டொலர் முறிகள் பரிமாற்றப்பட்டபின் பிட்ச் நிறுவனம் நாட்டின் தரத்தை உயர்த்தியது. யாரோ முன்பு கையால் பதிந்த பெறுமதி நீக்கப்படாமல் இருந்தால், இப்படியான புதிய தரம் அந்த முறியின் பதிவுக்கு வந்து சேராது. ஆகவே யார் மாற்றினார், எப்போது, ஏன், எந்தத் திகதியில் மீளப் பார்க்க வேண்டும் என்பவற்றைக் குறித்துவைப்பதும், மூலப் பெறுமதியை அழிக்காமல் வைத்திருப்பதும் அவசியம்.

சேமலாப நிதியின் ஆண்டறிக்கையில் 'அரச பிணையங்கள்' என்ற மொத்தத் தொகையைக் காணும்போது அங்கத்தவர்களும் தொழிற்சங்கங்களும் அத்துடன் நின்றுவிடக் கூடாது. எந்த முறிகள், எப்போது முதிர்வடையும், என்ன வட்டி என்று கேட்க வேண்டும். அந்தப் பெண் ஓய்வுபெறும்போது கைக்கு வரும் தொகையில் இந்த மூன்று பதில்களுக்கும் பங்குண்டு.