மகிழுந்தின் பொறி எண்ணெய் மாற்றம்

பொறி எண்ணெய் மாற்றம் என்பது மகிழுந்தின் உள் எரி பொறியில் உழைத்துத் தீர்ந்த மசகு எண்ணெயை வடித்துவிட்டு, எண்ணெய் வடிகட்டியையும் மாற்றி, புது எண்ணெய் நிரப்பும் பராமரிப்புப் பணி ஆகும். பேச்சு வழக்கில் இது ஆயில் மாற்றுதல் எனப்படுகிறது. உரிய கருவிகள் இருப்பின் வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர் முதலிய ஊர்கள் அடங்கிய கரிசல் வட்டாரத்தில் இப்பணி இரு காரணங்களால் தனிக் கவனம் வேண்டுவது. அங்குள்ள புழுதி எண்ணெயின் ஆயுளைக் குறைக்கிறது. வடித்த எண்ணெயை நிலத்தில் கொட்டினால் கரிசல் மண்ணின் தன்மையால் அது தொலைவுக்குச் செல்கிறது.

மசகு என்பது மாட்டுவண்டியின் அச்சில் இடும் மையைக் குறித்து வழங்கிய சொல். உராய்வைக் குறைக்க இடும் எண்ணெய் அனைத்துக்கும் இன்று அச்சொல் ஆளப்படுகிறது.

எண்ணெயின் பணி

ஓடும் பொறியில் கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் தாங்கிகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள எண்ணெய்ப் படலம் தாங்கி நிற்கிறது. பிஸ்டனின் வெப்பத்தைக் கடத்துதல், எரிதலில் உண்டாகும் கரியையும் அமிலங்களையும் ஏற்றுக்கொள்ளுதல், துருவைத் தடுத்தல் ஆகியனவும் எண்ணெயின் பணிகளே. இவற்றுக்காக அடிப்படை எண்ணெயுடன் பல சேர்பொருட்கள் கலக்கப்படுகின்றன. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பதன் பொருள் பெரும்பாலும் இச்சேர்பொருட்கள் தீர்ந்துவிட்டன என்பதே. நிறத்தைக் கொண்டு முடிவு செய்வது தவறு. டீசல் பொறியில் புது எண்ணெய் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியை அது தன்னுள் தாங்கி வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கரிசல் புழுதியும் மாற்றும் கால இடைவெளியும்

இந்தியாவில் விற்கப்படும் பல மகிழுந்துகளுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முன்னரோ அது, என்று இடைவெளி குறிக்கப்படுகிறது. ஆனால் அதே கையேட்டில் கடும் பயன்பாடு என்று இன்னொரு அட்டவணையும் இருக்கும். புழுதிச் சாலை, பொறி நன்கு சூடேறும் முன்பே முடியும் குறும்பயணம், நெடுநேரம் நின்றபடி ஓடும் பொறி ஆகியன அதில் அடங்கும். அவ்வட்டவணையில் இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கும். பலர் இப்பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

கோவில்பட்டி வழியாக மதுரை - திருநெல்வேலி தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. முன்னர் 7 என்ற எண்ணைக் கொண்டிருந்த இச்சாலை 2010ஆம் ஆண்டின் எண் மாற்றத்துக்குப் பின் 44 என்ற எண்ணைப் பெற்றது. அதில் மட்டுமே ஓடும் வண்டிக்கு வழக்கமான இடைவெளி போதும். நெடுஞ்சாலையை விட்டு மானாவாரிக் காடுகளுக்கு இடையே மண்பாதையில் நாள்தோறும் செல்லும் வண்டியின் நிலை வேறு. ஆடிக் காற்றில் உழுத நிலத்தின் புழுதி எழுந்து பாதையெங்கும் பரவுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அக்காற்றுடன் புழுதியும் உள்ளே இழுக்கப்படுகிறது. புழுதியிலுள்ள குவார்ட்சுத் துகள்கள் பொறியின் வார்ப்பிரும்பையும் அலுமினியத்தையும் விடக் கடினமானவை. எண்ணெய் வடிகட்டி பெரிய துகள்களைப் பிடித்துவிடும். எண்ணெய்ப் படலத்தின் தடிப்பை ஒத்த நுண்துகள்கள் பல அதனூடே சென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றை வெளியேற்ற எண்ணெயை மாற்றுவதே வழி.

ஆயினும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைப் பெருக்குவதில் பயனில்லை. காற்று வடிகட்டி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதை அழுத்தக் காற்றால் அடிக்கடி ஊதினால் தாளில் நுண்ணிய கிழிசல் உண்டாகி, தூய்மையாகத் தோன்றும் வடிகட்டியே புழுதியை உள்ளே விடும். ஊதி ஊதி ஓட்டுவதினும் புதியது வாங்குவது நன்று.

எண்ணெயைத் தேர்தல்

எண்ணெய்க் குப்பியில் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 போன்ற குறிகள் காணப்படும். இவை 1905இல் அமெரிக்காவில் தோன்றிய தானுந்துப் பொறியாளர் கழகத்தின் பாகுநிலைத் தரங்கள். டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. முதல் எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், இரண்டாம் எண் 100 பாகை செல்சியசில் அதன் பாகுநிலையையும் சுட்டும். 30 என்பது அவ்வெப்பநிலையில் நொடிக்கு 9.3 முதல் 12.5 சதுர மில்லிமீட்டர் வரையிலான பாகுநிலை. 40 என்பது 12.5 முதல் 16.3 வரை.

வெயில் மிகுந்த ஊராதலால் தடித்த எண்ணெயே ஊற்ற வேண்டும் என்ற கருத்து தென்மாவட்டங்களில் பரவலாக உண்டு. ஒரே வகை எண்ணெய் வழங்கிய பழங்காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. சூடேறிய பொறியின் வெப்பநிலையைக் குளிர்விப்பு அமைப்பு ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருப்பதால், வெளியே 40 பாகையா 10 பாகையா என்பது இன்றைய பொறிக்குள் சிறு வேறுபாட்டையே உண்டாக்கும். 0டபிள்யூ-20 கேட்கும் பொறியில் 20டபிள்யூ-50 ஊற்றினால் எரிபொருள் செலவு கூடும். குளிர்ந்த பொறியைக் கிளப்பும்போது மேற்பகுதிக்கு எண்ணெய் சென்று சேரத் தாமதமும் ஆகும். 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்கு உட்பட்ட, துகள் வடிகட்டியுள்ள டீசல் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் தேவை. வேறு எண்ணெயின் சாம்பல் அவ்வடிகட்டியை மெல்ல அடைத்துவிடும். கையேடு குறிக்கும் தரத்தை ஊற்றுவதே முறை.

செய்முறை

பொறியை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் முழுமையாக வடியும்; நெடும்பயணம் முடிந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும். வண்டியைச் சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கைத்தடையை இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கரிசல் மண்ணின் மேல் ஜாக்கி வைப்பது தீங்கானது. மேலே காய்ந்து கல்போலத் தோன்றினாலும் அடியில் ஈரம் இருந்தால் ஜாக்கியின் பாதம் புதையும். எத்தரையாயினும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லுதல் கூடாது. எடை தாங்கும் இரும்புத் தாங்கிகள் வைத்தபின்னரே செல்ல வேண்டும்.

அகன்ற தட்டை அடியில் வைத்து, பட்டறைகளில் டிரெயின் பிளக் எனப்படும் வடிதிருகைச் சரியான அளவுள்ள ஸ்பேனரால் கழற்ற வேண்டும். வடிந்து முடியப் பதினைந்து நிமிடம் ஆகலாம். பின்னர் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, பழைய ரப்பர் வளையம் பொறியிலேயே ஒட்டிக்கொண்டுள்ளதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அதன்மேல் புது வளையமும் அமர்ந்துவிட்டால் எண்ணெய் பீறிட்டு வெளியேறும். புது வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, கையாலேயே முடுக்கினால் போதும். வடிதிருகுக்குப் புது வாஷர் இட்டு, கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கே முடுக்க வேண்டும். அலுமினிய எண்ணெய்த் தொட்டியில் மிகையாக முடுக்கினால் மரை போய்விடும். வீட்டில் செய்வோர் பட்டறையைத் தேடிச் செல்ல நேர்வது பெரும்பாலும் இதனால்தான்.

குறித்த அளவில் சற்றுக் குறைவாக ஊற்றி, பொறியை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து அளவுகோலைப் பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும். மேற்குறியைத் தாண்டக் கூடாது. தேதியையும் ஓடிய தொலைவையும் எழுதி, எண்ணெய் வாங்கிய சீட்டையும் வைத்திருப்பது உத்தரவாதக் காலத்தில் உதவும்.

வடித்த எண்ணெய்

சிறிய பெட்ரோல் மகிழுந்தில் மூன்று முதல் நான்கு லிட்டர் வரை எண்ணெய் வடியும். தேய்ந்த உலோகத் துகள்களும் பல்வளைய அரோமாட்டிக் ஐதரோகார்பன்களும் இதில் உள்ளன. 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்படும் வரை ஈயமும் மிகுதியாக இருந்தது. பயன்பட்ட எண்ணெயைத் தோலில் தொடர்ந்து தடவிய எலிகளுக்குப் புற்றுநோய் உண்டானதால், கையுறை அணிவது நன்று.

இவ்வெண்ணெயை வேலிக் கம்புகளுக்குக் கரையான் தடுப்பாகப் பூசுவதும், கட்டடப் பணியில் சென்ட்ரிங் பலகைகளில் தடவுவதும், வாசலில் புழுதி அடங்கத் தெளிப்பதும் வழக்கில் உள்ளன. கரிசல் நிலத்தில் இவற்றுள் கடைசியானதே மிகவும் தீங்கானது. இம்மண்ணின் களி நீரை ஏற்று விரிவதும் காய்ந்து சுருங்குவதுமாக இருப்பது. கோடையில் இதில் அரை மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு வெடிப்புகள் விழுகின்றன. அப்போது கொட்டிய எண்ணெய் மேல்மண்ணில் தங்காமல் வெடிப்பு வழியே நேராகக் கீழே இறங்கிவிடும். மண்ணில் எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்களோ பெரும்பாலும் காற்றோட்டமுள்ள மேல்மண்ணில் வாழ்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் களி விரிந்து வெடிப்புகள் மூடிக்கொண்டபின் கொட்டினால் எதிர்மாறாக நிகழும்: எண்ணெய் இறங்க வழியின்றி மழைநீரின் மேல் மிதந்து ஊருணிக்கும் கண்மாய்க்கும் செல்லும். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே மழை பெறும் வட்டாரத்தில் தேங்கும் நீர் அவ்வளவே.

2016ஆம் ஆண்டின் தீங்கான கழிவுகள் குறித்த விதிகளின்படி பயன்பட்ட எண்ணெய் உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்கே செல்ல வேண்டும். 2023இல் செய்த திருத்தம், மசகு எண்ணெய் உற்பத்தியாளர்களையும் இறக்குமதியாளர்களையும் பழைய எண்ணெய் மீட்கப்படுவதற்குப் பொறுப்பாக்கியது. இது 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. வீட்டில் மாற்றுவோர், புது எண்ணெய் வந்த குப்பியிலேயே பழையதை ஊற்றி மூடி, அதைச் சேகரித்து அனுப்பும் பட்டறையில் கொடுக்கலாம். அப்பட்டறை அதைச் செங்கல் சூளைக்கு விற்கிறதா, மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிறதா என்று கேட்டறிவது தகும். பிரேக் எண்ணெய், குளிர்விப்பு நீர்மம், பெட்ரோல் ஆகியவற்றை அதனுடன் கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு உதவாமல் போகும். கழற்றிய வடிகட்டியினுள்ளும் எண்ணெய் தங்கியிருக்கும். அதை ஓர் இரவு கவிழ்த்து வைத்து, வடிந்ததை அதே குப்பியில் சேர்த்துக்கொள்ளலாம்.