ரெண்டுக்கும் ஒத்துக்கல

காரைக்குடிக்காரர்களுக்கு சிக்ரி என்பது பெரும்பாலும் வழி சொல்லப் பயன்படும் ஓர் அடையாளம். "சிக்ரியத் தாண்டிப் போங்க" என்போம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார் என்பதெல்லாம் ஊரில் பலருக்கும் மனப்பாடம். உள்ளே என்ன ஆராய்ச்சி என்று கேட்டால்தான் "பேட்டரி, துரு, அந்த மாதிரி" என்று இழுப்போம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப்பெயர். அதிலுள்ள 'மின்வேதியியல்' என்ற சொல்லைப் பற்றி நான் நின்று யோசித்தது முப்பது வயதுக்கு மேல், ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில்.

அப்பத்தாவைப் பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் சேர்த்திருந்தோம். நெஞ்சில் ஸ்டிக்கர்கள், விரலில் கிளிப். மானிட்டரில் இதயத்துடிப்பு பச்சைக் கோடாக ஓடியது. ஆக்சிஜன் அளவு காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு சின்னக் கோடுகள். கிளிப்பை மாற்றினார்கள், அதே கோடுகள். மிஷின் பார்க்கிற பையன் வந்து, வயரைக் கழற்றி, பிளக்கை ஊதி, மறுபடி செருகிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சென்சார் நல்லாத்தான் இருக்குண்ணே. மிஷினும் நல்லாத்தான் இருக்கு. ரெண்டுக்கும் ஒத்துக்கல." ஜாதகம் பார்த்தவன் மாதிரி. வேறொரு மானிட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அப்பத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இரண்டு நல்ல சாமான்கள் சேர மறுத்தால், அதை யாரோ எங்கோ முடிவு செய்திருக்கிறார்கள் என்பது தொழில் கற்றுத் தந்த பாடம். அந்த முடிவுகளின் சரித்திரத்தைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் நெஞ்சு ஸ்டிக்கர். வயருக்குள் ஓடுவது எலக்ட்ரான். உடம்புக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகள். எலக்ட்ரான் உடம்புக்குள் இறங்காது, அயனி வயருக்குள் ஏறாது. அப்புறம் எப்படி இதயத்தின் செய்தி வயருக்கு வருகிறது? நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் உண்டியல் எழுதிப் பணம் அனுப்பிய அதே கணக்குதான். ரங்கூனில் கட்டிய நோட்டு கப்பலேறி வராது. இங்கே அதே மதிப்புக்கு வேறு நோட்டு கைமாறும். ஸ்டிக்கர் நடுவிலுள்ள பொத்தானில் வெள்ளிப் பூச்சு, அதன்மேல் மெல்லிய வெள்ளி குளோரைடு, அதன்மேல் உப்புக் கூழ். குளோரைடு அயனி ஒன்று வந்து வெள்ளியோடு சேர்ந்தால் ஓர் எலக்ட்ரான் வயருக்குள் போகும். எதிர்த்திசையில் நடந்தால் திரும்பி வரும்.

இந்தக் கைமாற்றில் தடங்கல் குறைவு என்பதால்தான் வெள்ளி. இதயத்தின் மின்சாரம் நெஞ்சுத் தோலுக்கு வந்துசேரும்போது சுமார் 1 மில்லிவோல்ட்தான். வெள்ளியும் வெள்ளி குளோரைடும் உப்புநீரைத் தொடுவதாலேயே பிறக்கும் மின்னழுத்தமோ, ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டால், சுமார் 0.22 வோல்ட். இருநூறு மடங்குக்கு மேல். அது ஆடாமல் நின்றால் கழித்துவிடலாம். ஆடினால் திரையில் கோடு அலைபாயும். உலோகம் முடிந்து உப்பு தொடங்கும் இந்த எல்லையில் நடப்பதைப் படிப்பதுதான் மின்வேதியியல். எங்கள் ஊரில் எழுபது வருஷமாக மதில் சுவருக்குள் நடந்துகொண்டிருப்பது அதுதான். பேட்டரியும் துருவும் அதன் பிள்ளைகள்.

லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் இசிஜி எடுத்தபோது ஸ்டிக்கர் கிடையாது. நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கருவியின் எடை சுமார் 270 கிலோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற சாமானில்லை. எனவே 1905ல் ஆஸ்பத்திரியிலிருந்து தன் ஆய்வகத்துக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கம்பி வழியாக நோயாளியின் துடிப்பை வரவழைத்தார். சரித்திரத்தின் ஆரம்பகால நோயாளி வயர் ஒன்று இவ்வளவு நீளம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். யாருடைய வயரை யாருடைய மிஷினில் செருகுவது என்ற கேள்வி அன்று எழவேயில்லை. தொட்டி முதல் கருவி வரை எல்லாம் ஒரே ஆய்வகத்தின் கைவேலை.

பிளக் வந்த பிறகுதான் வம்பு. ரொம்ப காலம் இசிஜி வயரின் முனையில் வெறும் உலோக ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. அது மின்சார வயரின் துளைக்குள்ளும் கச்சிதமாகப் போகும். மூச்சு நின்றுபோகிறதா என்று கண்காணிக்கக் குழந்தைகளின் நெஞ்சில் ஒட்டிய வயர்களை, அமெரிக்காவில் தெரியாமல் மின்சாரத்தில் செருகிவிட்டதில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். செருகியவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? துளையில் போகிற ஊசியை ஒருநாள் ஒரு கை செருகத்தான் செய்யும். 1997 மே மாதம் அமெரிக்காவின் எஃப்டிஏ விதி போட்டது. நோயாளி வயரில் உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மின்சாரத்தோடு தொடர்புகொள்ள வழியே இருக்கக் கூடாது. 2000 மே மாதத்துக்குள் படிப்படியாக அமல். இன்று அந்த ஊசி பிளாஸ்டிக் உறைக்குள் ஒளிந்திருப்பது இதனால்தான். சேர மறுக்கிற பிளக் சில சமயம் உயிரைக் காப்பாற்றும். இதைச் சொல்லாமல் கம்பெனிகளைத் திட்டுவது நியாயமாக இருக்காது.

விரல் கிளிப்பின் கதை வேறு. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹான் கோடென் நிறுவனத்தில் டகுவோ அயோயாகி என்ற பொறியாளர், காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போனவர், தொல்லைக்குள்ளேயே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். துடிப்போடு கூடிக் குறைகிற ஒளி தமனி ரத்தத்தைப் பற்றிய சேதி, துடிக்காமல் நிற்பதெல்லாம் தோல், எலும்பு, சதை. 1974ல் அறிவித்தார். (அவர் இறந்தது 2020 ஏப்ரல் 18. உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த மாதம்.)

கிளிப்பில் இரண்டு விளக்குகள். சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 வாக்கில். இரண்டின் விகிதத்தை ஓர் அட்டவணையில் தேடினால் சதவீதம் கிடைக்கும். அந்த அட்டவணையைத் தயாரிக்க, ஆரோக்கியமான ஆட்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். ஒரு சிக்கல், ஒரே தொழிற்சாலையின் எல்இடிகள்கூட ஒரே அலைநீளத்தில் வருவதில்லை. சிவப்பு சில நானோமீட்டர் தள்ளினாலே கணக்கு தப்பும். கலிபோர்னியாவின் நெல்கார் நிறுவனம் 1982ல் இதற்கொரு வழிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. ஒவ்வொரு சென்சாரிலும் ஒரு குட்டி ரெசிஸ்டர். அதன் மதிப்பைப் படித்த மானிட்டர், 'ஓ, நீ இந்த ரகமா' என்று அதற்கேற்ற அட்டவணையை எடுத்துக்கொள்ளும். மிக மலிவான சாமானை வைத்து இப்படியொரு தீர்வு. பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆனால் அதுவே பூட்டாகவும் ஆனது. மானிட்டரை ஒருமுறைதான் வாங்குவோம். சென்சார் தேயும், கிழியும், தொலையும், திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். காசு அங்கேதான். ரெசிஸ்டர் காப்புரிமை 2003 நவம்பரில் முடிய இருந்தது. முடிந்தால் யார் வேண்டுமானாலும் மலிவாகச் செய்து விற்கலாம். அதற்குள், நெல்காரை அப்போது வைத்திருந்த டைகோ, ஆக்சிமேக்ஸ் என்ற அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்தது. அட்டவணை எண்கள் மானிட்டரிலிருந்து சென்சாருக்குள்ளிருக்கும் நினைவகச் சிப்புக்குக் குடிபெயர்ந்தன. ரெசிஸ்டர் மட்டுமே உள்ள மலிவு சென்சார்கள் புது மானிட்டரோடு சேரவில்லை. ஆஸ்பத்திரிகள் வழக்குப் போட்டன. 2010ல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் டைகோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. புது வடிவமைப்பு நிஜமாகவே மேம்பாடு என்றால், அதனால் போட்டியாளர்களுக்கு நஷ்டம் வந்தாலும் அது மட்டுமே சட்டமீறல் ஆகாது. மேம்பாட்டின் நன்மையையும் போட்டிக்கு வரும் கெடுதலையும் தராசில் போடுவது எங்கள் வேலையில்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

நிஜமாகவே மேம்பாடுதான். சிப் இருந்தால் மானிட்டரை மாற்றாமலே புது ரக சென்சார்களைக் கொண்டுவரலாம். நானும் இப்படித்தான் வடிவமைத்திருப்பேன். அதே சிப் கதவையும் சாத்துகிறது என்பதுதான் தொந்தரவு. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தச் சென்சாரின் பிளக், பழைய கம்ப்யூட்டரின் பின்னால் மவுஸ் செருகுவோமே, அதே ஒன்பது பின் பிளக். வேறு கம்பெனிகளும் அந்த உருவத்தை எடுத்துக்கொண்டன, உள்ளே எந்தப் பின்னில் என்ன என்பது மட்டும் ஆளுக்கொரு வரிசை. உள்ளே போகும், பேசாது. நர்ஸம்மாக்கள் பிளக்கை ஊதிப் பார்ப்பதில் ஆச்சரியமே இல்லை.

பூட்டுக்குப் பின்னால் இருப்பது ஓர் அட்டவணை என்றேனே, அது யாருடைய விரல்களில் எடுத்தது? 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். வெள்ளையர்களிடம் 3.6. அதற்கு அடுத்த கோடையில், 2021ல், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா வீட்டிலேயே இருப்பதா என்பதை 94 என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்தோம். நம் வீடுகளில் அந்தக் கிளிப்புக்குள் போனவை பெரும்பாலும் கறுத்த, மாநிற விரல்கள். அட்டவணை வெளிப்படையாக இருந்திருந்தால் யாராவது முன்பே கேட்டிருப்பார்களோ என்று தோன்றுகிறது.

1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளைக் கம்பெனிப் பெயர் போடாமல் மூலப்பெயரில் டெண்டர் விட்டு வாங்கிப் பெயரெடுத்தது. பாராசிட்டமாலை யார் செய்தாலும் உடம்புக்குப் பாராசிட்டமால்தான். வயருக்கு அப்படியொரு மூலப்பெயர் இல்லை. மலிவு சென்சார் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, எல்இடி ரகம் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் நகலெடுத்தால் திரையில் வருவது தப்பான எண்ணாக இருக்கலாம். ஆனால் எது சரியாக அளக்கிறது என்று சோதித்து அனுமதிப்பது வேறு, யாருடையது என்று பார்த்து மறுப்பது வேறு. மானிட்டர் வாங்கும்போதே எந்த சென்சார்கள் சேரும், ஐந்து வருஷத்துக்கு அவற்றின் செலவு எவ்வளவு என்று கொட்டேஷனில் எழுதி வாங்கலாம்.

அப்படிக் கேட்பவர்கள் உண்டா என்று, எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மருத்துவக் கருவிகள் விற்கும் ஒருவரிடம் விசாரித்தேன். "மிஷின் ரேட்டத்தான் சார் அடிச்சுப் பேசுவாங்க. வயரு ரேட்ட யாரும் கேக்கறதில்ல. நாங்களும் சொல்றதில்ல."