நின்ற காரும் ஓடிய கேமராவும்

பேரணாம்பட்டுக் கொட்டகையில் பழைய படம் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: நாயகன் ஸ்டீயரிங்கை வளைத்து வளைத்துத் திருப்புவார், பின்னால் சாலையோ நேராகவே ஓடும்! கார் நகரவே இல்லை, ஸ்டுடியோவில் நிற்கிறது. வேறொரு வண்டியிலிருந்து முன்பே எடுத்த சாலைக் காட்சியைப் பின்திரையில் ஓட்டுவார்கள். இதுதான் பேக் புரொஜெக்‌ஷன். கனமான கேமராவை ஓடும் வண்டியில் வைத்து, குலுங்காமல் நடிகரின் முகத்தை எடுப்பது அவ்வளவு கடினம்.

1966-ல் வந்த 'கிராண்ட் பிரிக்ஸ்' படத்துக்கு இயக்குநர் ஜான் ஃபிராங்கன்ஹைமர் இந்த ஏமாற்று வேலையை ஒதுக்கினார். கேமராவை ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரிலேயே பொருத்தினார். அதை ஓட்டியவர் யார் தெரியுமா? 1961 உலக சாம்பியன் ஃபில் ஹில்! பந்தயக் கார்களுக்கு ஈடுகொடுத்து ஓட்டச் சாதாரண டிரைவரால் ஆகுமா? இரண்டு வண்டியும் ஒரே வேகத்தில் போனால்தான் கார் தெளிவாக விழும், சாலை மட்டும் கோடுகோடாகக் கலங்கும். கொஞ்சம் பிசகினால் படம் போகும், உயிரும் போகும்.